பழைய குளியல் துவாலைகளில் நனைந்தவுடன் எழும் மக்கல் வாடை: முழுமையாகப் போக்க இயலுமா?

ஈரக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது பூத்துவாலைகள் இருக்கின்றன. வாங்கி ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கும். கிழியவில்லை, நூல் பிரியவில்லை, நிறமும் பெரிதாக மங்கவில்லை. ஆனால் கடந்த ஓராண்டாக அவற்றிலிருந்து ஒரு மக்கல் வாடை வருகிறது. விந்தை என்னவென்றால், துவைத்துக் காயவைத்து மடித்து அடுக்கும்போது எந்த வாடையும் தெரிவதில்லை. குளித்துவிட்டு முகத்தைத் துடைத்த அடுத்த நிமிடமே, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போன்ற ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. குளித்ததே வீண் என்று தோன்றிவிடுகிறது.

இதுவரை செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சலவைத் திரவத்தின் அளவை இரட்டிப்பாக்கினேன். பிறகு நறுமணம் மிகுந்த துணி மென்மையாக்கியை ஒவ்வொரு சலவையிலும் சேர்த்தேன். இரண்டு நாள்கள் முழு வெயிலில் போட்டு எடுத்தேன். இறுதியாக, வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து, பொங்கி வந்த நுரையில் துவாலைகளை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாள்கள் நிம்மதி கிடைத்தது, அவ்வளவுதான். முன்பக்கக் கதவு கொண்ட இயந்திரத்தில் எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைக்கிறோம். இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா, அல்லது வீட்டுத் துடைப்புத் துணியாக மாற்றிவிடுவதுதான் நல்லதா?

வெண்பஞ்சு

எனக்கு வினிகர் மட்டுமே போதுமானதாக இருந்தது. கடைசி அலசலின்போது அரைக் குவளை வெள்ளை வினிகரை மென்மையாக்கி ஊற்றும் அறையில் ஊற்றிவிடுவேன். சோடாவையெல்லாம் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

துவைகல்

ஈரக்கொடி அவர்களே, நீங்கள் செய்த நான்கில் இரண்டு செயல்கள் சிக்கலை வளர்த்திருக்கின்றன, ஒன்று பயனற்றது, மற்றொன்று பாதி பயனுள்ளது. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் செய்முறையை மட்டும் பின்பற்றினால் இந்த வாடை மீண்டும் மீண்டும் திரும்பி வரும்.

பூத்துவாலையின் மேற்பரப்பு முழுவதும் நூல் வளையங்களால் ஆனது. நீரை அதிகமாக உறிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி நெய்கிறார்கள். அதே வளையங்களுக்கு இடையில்தான் உடலிலிருந்து உரசி வரும் தோல் எண்ணெயும், இறந்த தோல் செதில்களும், முழுவதுமாக அலசப்படாத சலவைத் திரவமும் தங்குகின்றன. குளிர்ந்த நீரில் தோல் எண்ணெய் எளிதில் கரைந்து வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சலவையிலும் சிறிது மிஞ்சி, அதன் மேல் அடுத்த நாளின் எண்ணெய் படிந்து, சில ஆண்டுகளில் இழைகளைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடுகிறது. அந்தப் படலமே நுண்ணுயிரிகளுக்கு உணவு, அதுவே அவற்றுக்குப் பாதுகாப்பு.

இந்த ஈரத்துணி வாடைக்கு எது காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, 2012 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா, துணியில் தங்கிய அழுக்கை உண்டு, 4-மெதில்-3-ஹெக்செனாயிக் அமிலம் என்னும் மிகக் கடுமையான மணமுள்ள ஒரு கொழுப்பு அமிலத்தை உருவாக்குகிறது என்பதே அது. அவர்கள் பிரித்தெடுத்த அந்தப் பாக்டீரியா வகைகளில் சில, உலர்வையும் புறவூதா ஒளியையும் நன்றாகத் தாங்கிக்கொள்பவையாக இருந்தன. உங்கள் இரண்டு நாள் வெயில் ஏன் நிலையான பலன் தரவில்லை என்பதற்கு ஒரு பாதி விடை அதில் இருக்கிறது. மறுபாதி, வெயில் துணியின் மேற்பரப்பைத்தான் தொடும், வளையங்களின் அடியில் நிழல்தான்.

உலர்ந்திருக்கும்போது வாடை தெரியாமல், நனைந்தவுடன் தெரிவதும் இதனால்தான். துணி உலர்ந்தால் பாக்டீரியாக்கள் செயலடங்கிக் கிடக்கும், மணமுள்ள சேர்மங்களும் இழையோடு ஒட்டிக் கிடக்கும். நீர் பட்டதும் அந்த இடங்களை நீர் பிடித்துக்கொள்ள, ஒட்டியிருந்தவை காற்றில் கிளம்புகின்றன; வெதுவெதுப்பான ஈரத்தில் பாக்டீரியாக்களும் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன.

இப்போது உங்கள் முயற்சிகளுக்கு வருகிறேன். சலவைத் திரவத்தை இரட்டிப்பாக்கியதால் அலசலில் வெளியேறாத மிச்சமும் இரட்டிப்பானது. துணி மென்மையாக்கியில் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட, நீண்ட கொழுப்புச் சங்கிலிகளை உடைய ஒரு பொருள். அது இழையின் மீது பூச்சாகப் படிவதால்தான் துணி வழவழப்பாகிறது. அந்தப் பூச்சு துவாலையின் உறிஞ்சும் திறனைக் குறைத்து, ஏற்கெனவே இருக்கும் படலத்துக்கு மேல் இன்னொரு படலமாகிறது. நறுமணம் வாடையை மூடியது, போக்கவில்லை. வினிகரும் சோடாவும் பொங்கியது கண்ணுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு, கரியமில வாயு பறந்துபோன பிறகு உங்கள் வாளியில் மிஞ்சியது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர்தான். இரண்டையும் தனித்தனியே பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையைச் செய்திருக்கும்.

வெண்பஞ்சு அவர்கள் சொன்னதை முழுவதும் மறுக்கவில்லை. வினிகரில் ஏறத்தாழ 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. கடின நீர் உள்ள இடங்களில் துணியில் படியும் சுண்ணாம்புப் படிவையும், காரத்தன்மையுள்ள சலவைப் பொருளின் மிச்சத்தையும் அது கரைக்கும். புதிதாகத் தொடங்கும் வாடைக்கு அது போதும். ஆறேழு ஆண்டுப் படலத்தை அது அசைக்காது.

ஈரக்கொடி

மிக்க நன்றி. மென்மையாக்கியே குற்றவாளிகளுள் ஒன்று என்பது எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. வாடை கூடக்கூட அதைத்தான் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டு ஐயங்கள். துவாலைகளைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்று ஓர் உறவினர் சொல்கிறார், உண்மையா? வெயிலில் காய்ந்த துணிக்கு ஒரு தனி மணம் இருக்கிறதே, அது சுத்தமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லையா?

மாடிக்காற்று

உறைபெட்டி யோசனையை விட்டுவிடுங்கள். குளிரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் உறங்கும், இறக்காது. வெளியே எடுத்த மறுநாள் எழுந்துகொள்ளும்.

வெயில் மணத்தைப் பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். தூய நீரில் துவைத்த பருத்தித் துவாலைகளை வீட்டுக்குள்ளும், நிழலிலும், நேர் வெயிலிலும் காயவைத்து, அவற்றிலிருந்து வெளிவரும் சேர்மங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெயிலில் காய்ந்தவற்றில் பென்டனல், ஆக்டனல், நோனனல் போன்ற ஆல்டிகைடுகள் கிடைத்தன. இவற்றுள் சில நறுமணப் பொருள்களிலும் இடம்பெறுபவை. ஈரமான துணியின் பரப்பில் ஒளி நிகழ்த்தும் வேதிமாற்றத்தால் அவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். ஆகவே அந்த மணம் வெயிலும் ஈரமும் துணியில் சந்தித்ததற்குச் சான்று. துணிக்குள் பாக்டீரியா இல்லை என்பதற்குச் சான்று அன்று. எனக்கு அந்த மணம் இல்லாமல் துவாலையை மடிக்க மனம் வராது என்பது வேறு கதை.

ஆனால் வெயிலில் காயவைப்பதால் பயன் இல்லை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். வெயிலும் காற்றும் துணியை விரைவாக உலர்த்துகின்றன, அதுவே பெரும் பயன். துணி ஈரமாக இருக்கும் நேரம்தான் பாக்டீரியா பெருகும் நேரம்.

ஈரக்கொடி

புரிந்தது. இனிச் செய்முறையைச் சொல்லுங்கள், ஐயா. இந்த வார இறுதியை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன்.

துவைகல்

வேலை இரண்டு கட்டமாக இருக்க வேண்டும். முதலில் படலத்தை நீக்க வேண்டும், பிறகுதான் நுண்ணுயிரிகளை அழிக்க முயல வேண்டும். படலம் இருக்கும்போது எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் அதன் ஆற்றலில் பெரும்பகுதி அழுக்கோடு வினைபுரிவதிலேயே செலவாகிவிடும்.

முதற்கட்டத்துக்கு மென்மையாக்கி எதுவும் இல்லாமல், வழக்கமான அளவு சலவைத்தூளுடன் ஒரு கைப்பிடி சலவை சோடாவைச் சேர்த்து, 60 டிகிரி செல்சியஸில் துவையுங்கள். சலவை சோடா வேறு, சமையல் சோடா வேறு என்பதைக் கவனியுங்கள். சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். அதன் கரைசலின் pH (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 11-ஐ நெருங்கும், சமையல் சோடாவினுடையது 8-ஐச் சற்றே தாண்டும். அதிகமான காரத்தன்மை கொழுப்பை இளக்கும், நீரின் கடினத்தன்மையையும் குறைக்கும். கைகளில் உறையணிந்துகொள்ளுங்கள், சலவை சோடா தோலை அரிக்கும். இயந்திரத்தில் ஒன்பது துவாலைகளையும் ஒரே முறை திணிக்காதீர்கள். நனைந்த துவாலைகள் உருண்டு விழுவதற்கு இடம் வேண்டும், உருளையின் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் அவை உரசிக்கொள்ளாமல் ஒரே மூட்டையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். துவைத்து முடித்ததும் இன்னொரு முறை வெறும் நீரில் அலசவிடுங்கள். அந்த அலசல் நீரிலும் நுரை வந்தால் எவ்வளவு சலவைத் திரவம் உள்ளே தங்கியிருந்தது என்பதை நீங்களே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

இரண்டாம் கட்டத்துக்குச் சோடியம் பெர்கார்பனேட் தேவை. ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் தூளாக விற்கப்படுவது இதுதான். நீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரிகிறது. வாடைக்குக் காரணமான சேர்மங்களைச் சிதைப்பதும் கிருமிகளைத் தாக்குவதும் அந்தப் பெராக்சைடின் வேலை. குளிர்ந்த நீரில் இது மந்தமாகவே செயல்படும் என்பதால் 40 முதல் 60 டிகிரி வரை சூடுள்ள நீரைப் பயன்படுத்துங்கள். நான் 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 50 கிராம் போடுவேன். நீங்கள் உறையில் குறிப்பிட்டுள்ள அளவையே பின்பற்றுங்கள். துவாலைகள் நீருக்குள் முழுவதும் அமிழ்ந்திருக்க வேண்டும், மேலே மிதக்கும் பகுதி ஊறியதாகக் கணக்கில்லை. ஐந்தாறு மணி நேரம் ஊறினால் போதும். பாத்திரத்தைக் காற்றுப் புகாதபடி மூடிவிடாதீர்கள், வாயு வெளிவந்துகொண்டே இருக்கும். சாயம் போகும் துவாலையாக இருந்தால் ஓரத்தில் சிறிது சோதித்துப் பாருங்கள். பருத்திக்கு இது பாதுகாப்பானது; கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது.

ஊறிய பிறகு வழக்கம்போல ஒரு முறை சூடான நீரில் துவைத்து, நன்றாகப் பிழிந்து, அன்றைக்கே முற்றிலும் உலரும்படி காயப்போடுங்கள். மாலை நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கி, இரவு முழுவதும் ஈரத்துணியை வாளியில் வைத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

விரைவுநடை

இவ்வளவு பெரிய செயல்முறை எதற்கு? குளோரின் பிளீச்சை ஊற்றி, கூடவே வினிகரையும் ஊற்றிவிட்டால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடாதா? இரண்டும் வாடையைப் போக்குபவைதானே.

நெறியாளர்

மேலே உள்ள யோசனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம். குளோரின் பிளீச்சோடு வினிகரோ வேறு எந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அம்மோனியா கலந்த தூய்மைப் பொருள்களோடு பிளீச்சைச் சேர்த்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உருவாகும். ஆக்சிஜன் பிளீச் ஊறும் நீரிலும் வினிகரை ஊற்றக்கூடாது; கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் பெராசிட்டிக் அமிலம் உருவாகலாம். ஒரு பொருளைப் பயன்படுத்திய பின் நன்றாக அலசிவிட்டு, வேறொரு நாளில் அடுத்த பொருளைப் பயன்படுத்துங்கள். பதிவு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பதற்காக அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

விரைவுநடை

அறியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நல்லவேளையாக இதுவரை செய்து பார்க்கவில்லை.

ஈரக்கொடி

நேற்று முழுவதும் இதே வேலை. முதற்கட்டச் சலவைக்குப் பின் தனியாக அலசியபோது, சலவைத் திரவத்தை ஒரு துளிகூடச் சேர்க்காமலேயே கண்ணாடி முழுவதும் நுரை தெரிந்தது. பெர்கார்பனேட்டில் ஊறிய நீர் பழுப்பாக மாறியிருந்ததைக் கண்டு என் வீட்டினர் அனைவரும் வாளியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகள் இதைத்தான் முகத்தில் தேய்த்துக்கொண்டோமா என்று எண்ணும்போது உடல் கூசுகிறது. இன்று காலை நனைத்து முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. அனைவருக்கும் நன்றி.

துவைகல்

மகிழ்ச்சி. ஒரு சிறு திருத்தம்: நீரின் நிறம் முழுவதும் அழுக்கு அன்று. சூடான காரக் கரைசலில் துவாலையின் சாயமும் சிறிது கசியும். ஆழ்ந்த நிறத் துவாலைகளில் இது அதிகமாகவே இருக்கும். இந்த நிறமாற்றத்தைப் படமெடுத்துப் பகிர்வது பலருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது; அதைப் பார்த்து மாதந்தோறும் ஊறவைக்கத் தொடங்கிவிடாதீர்கள். அடிக்கடி செய்தால் பருத்தி இழை நலியும்.

ஈரக்கொடி (பதினாறு நாள்கள் கழித்து)

அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று துவாலைகளில் அதே வாடை திரும்பிவிட்டது. மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன. மென்மையாக்கியை நிறுத்திவிட்டேன், சலவைத் திரவத்தையும் குறைத்துவிட்டேன். எங்கே தவறு?

திருகாணி

சலவை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே என் தொழில். இதுவரை யாரும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன். துணியின் வாடை துணியிலேயே பிறக்கிறது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். நான் திறந்து பார்க்கும் இயந்திரங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவற்றின் துணிகளைவிட அழுக்காக இருக்கின்றன.

முன்பக்கக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதன் மடிப்பை விரலால் விரித்து, அடிப்பகுதியைப் பாருங்கள். நீர் தேங்கியிருந்தாலோ, கருமையான கோழை போன்ற ஒன்று ஒட்டியிருந்தாலோ, உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, சலவைத் திரவம் ஊற்றும் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து, அது இருந்த குழியின் மேற்கூரையைத் தடவிப் பாருங்கள். மென்மையாக்கி ஊற்றும் அறையில்தான் பெரும்பாலும் பிசுக்கு அதிகமாக இருக்கும். இறுதியாக, கீழ் மூலையில் உள்ள சிறு மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றுங்கள். நீர் கொட்டும், முன்கூட்டியே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள், சூடான சலவை முடிந்த உடனே திறக்காதீர்கள்.

தொடர்ந்து குளிர்ந்த நீரிலேயே துவைத்தால் உருளைக்கும் அதன் வெளித்தொட்டிக்கும் இடையில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், நுண்ணுயிர்ப் படலம் வளர்கிறது. ஒவ்வொரு சலவையின் கடைசி அலசல் நீரும் அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டுத்தான் துணிக்கு வருகிறது. துவாலையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதை மீண்டும் அந்த நீரிலேயே முக்கி எடுக்கிறீர்கள். வளையத்தையும் இழுப்பறையையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவிய பின், துணி எதுவும் போடாமல், இயந்திரத்தின் மிக உயர்ந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் பிளீச் தூளை மட்டும் போட்டு ஒரு முறை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். துவைத்து முடிந்ததும் கதவையும் இழுப்பறையையும் சற்றே திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் அவர்கள் உருளைக்குள் நுழைந்துவிடாதபடி அந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று. சில இயந்திரங்களில் சிக்கன முறையில் 60 டிகிரி என்று எழுதியிருக்கும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, உள்ளே இருக்கும் நீர் உண்மையில் அந்த வெப்பநிலையை எட்டாமல், குறைந்த சூட்டில் நீண்ட நேரம் ஓடும். துவாலைகளுக்குப் பருத்தி என்று குறிக்கப்பட்டுள்ள சாதாரண 60 டிகிரி முறையையே தேர்ந்தெடுங்கள்.

ஈரக்கொடி

திருகாணி அவர்களே, ரப்பர் வளையத்தை விரித்துப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன். ஒரு காலுறை, இரண்டு கொண்டை ஊசிகள், அவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறக் கூழ். அதன் நாற்றமும் துவாலையின் வாடையும் ஒன்றேதான், எந்த ஐயமும் இல்லை. இன்று முழுவதையும் கழுவி, வெற்று இயந்திரத்தை 90 டிகிரியில் ஓடவிட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒன்பதும் ஒரே இயந்திரத்தில்தான் துவைக்கப்பட்டன. மூன்றில் மட்டும் வாடை ஏன் திரும்பியது?

மாடிக்காற்று

அந்த மூன்றும் எங்கே தொங்குகின்றன?

ஈரக்கொடி

நீங்கள் கேட்ட பிறகுதான் கவனிக்கிறேன். அந்த மூன்றும் குளியலறைக் கதவின் பின்னால் உள்ள கொக்கிகளில், ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. மற்ற ஆறும் படுக்கையறைக்கு வெளியே உள்ள கொடியில் விரித்துப் போடப்படுபவை.

மாடிக்காற்று

இதுதான் நான் எதிர்பார்த்தது. கொக்கியில் தொங்கும் துவாலை குடை போலச் சுருங்கி, நடுவில் நாலைந்து மடிப்புகளாகத் தொங்கும்; வெளிமடிப்பு இரண்டு மணி நேரத்தில் காய்ந்தாலும் உள்மடிப்பு அடுத்த குளியல் வரை ஈரமாகவே இருக்கும். அதே குளியலறையில் இன்னொருவர் குளிக்கும்போது காற்றின் ஈரப்பதம் ஏறி, காய்ந்ததும் மறுபடி நமுத்துவிடும். காலையில் குளித்த துவாலை நண்பகலில் தொட்டால் சில்லென்று இருக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். சில்லென்று இருந்தால் அதன் இடத்தை மாற்றுவேன்.

கொக்கியை எடுத்துவிட்டு, ஒற்றை மடிப்பாகக்கூட இல்லாமல் முழு அகலத்தில் விரிக்கும்படி ஒரு கம்பியைப் பொருத்துங்கள். குளியலறைக்குள் வேண்டாம், காற்று ஓடும் இடமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் வேறு வழியில்லையென்றால் மின்விசிறியைத் துவாலையின் பக்கமாகத் திருப்பிவிடுங்கள், வெப்பத்தைவிடக் காற்றோட்டம்தான் உங்களுக்கு அதிகம் உதவும். துவைத்த துவாலைகளை இயந்திரத்திலேயே இன்னொரு முறை, நிமிடத்துக்கு 1200 அல்லது 1400 சுற்றில், பிழியவிட்டு எடுத்தால் உலரும் நேரம் கணிசமாகக் குறையும். பயன்படுத்திய ஈரத்துவாலையை அழுக்குக் கூடையில் போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதையும் நிறுத்துங்கள். காய்ந்த பிறகுதான் கூடைக்குப் போக வேண்டும்.

வெண்பஞ்சு

மென்மையாக்கியை நிறுத்தியபின் கொடியில் காய்ந்த துவாலை அட்டைபோல விறைத்துவிடுகிறதே, அதை எப்படி உடம்பில் தேய்ப்பது? எங்கள் வீட்டு முதியவரின் தோல் மிக மெல்லியது. வாடை ஒரு பக்கம், வசதி ஒரு பக்கம்.

துவைகல்

நியாயமான கேள்வி. விறைப்புக்குக் காரணம் உப்புப் படிவு மட்டும்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 2020 ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வின்படி, துணி காய்ந்த பிறகும் பருத்தி இழைகளின் மேற்பரப்பில் பிணைந்திருக்கும் சிறிதளவு நீர், பக்கத்து இழைகளைப் பசைபோல ஒட்டிவைக்கிறது. காற்றில் அசையாமல் காயும் துணி விறைப்பதற்கு அது ஒரு காரணம். அந்த ஒட்டை உடைத்தால் மென்மை திரும்பும். ஆகவே காயப்போடும் முன் துவாலையை நான்கைந்து முறை ஓங்கி உதறுங்கள், காய்ந்து எடுத்த பின்னும் உதறி, கைகளால் கசக்கி மடியுங்கள். உலர்த்தி இயந்திரம் இருப்பவர்கள் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் அதில் ஓட்டினால் போதும். முதியவருக்கு இதுவும் சொரசொரப்பாக இருந்தால் அவருடைய துவாலைக்கு மட்டும் மென்மையாக்கியை நான்காவது, ஐந்தாவது சலவைக்கு ஒருமுறை சிறிதளவு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

வெண்பஞ்சு

உதறிப் பார்த்தேன். முற்றிலும் மென்மையாகிவிடவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

கோடைத்துகள்

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருளவும். என் வெள்ளைத் துவாலையில் வாடையோடு மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகளும் இருக்கின்றன. இதே முறை போதுமா?

துவைகல்

அது பூஞ்சை, அதன் நிறமி இழைக்குள்ளேயே இறங்கியிருக்கும். வெள்ளைப் பருத்தியாக இருப்பதால் நீர்த்த குளோரின் பிளீச்சை, உறையில் சொன்ன அளவிலும் நேரத்திலும், காற்றோட்டமுள்ள இடத்தில், வேறெதையும் கலக்காமல் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பூஞ்சை இறந்த பின்னும் புள்ளியின் தடம் சில நேரங்களில் மிஞ்சும். வண்ணத் துவாலைக்கு இது உதவாது, சாயத்தை அழித்துவிடும். புள்ளிகள் பரவலாக இருந்து, இழை தொட்டவுடன் பிய்ந்து வந்தால் அந்தத் துவாலையோடு போராடாதீர்கள்.

ஈரக்கொடி (ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து)

பாதியில் விட்டுச் சென்ற இழைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும் என்பதால் முடிவைச் சொல்ல வந்திருக்கிறேன். இயந்திரத்தைக் கழுவி, கொக்கிகளைக் கழற்றி, அந்த மூன்றையும் மீண்டும் ஒருமுறை பெர்கார்பனேட்டில் ஊறவைத்த பின் எட்டுத் துவாலைகளில் வாடை அறவே இல்லை. தொடர் மழையிலும் திரும்பவில்லை. வாரத்துக்கு ஒருமுறை 60 டிகிரியில், முன்பு ஊற்றியதில் பாதிச் சலவைத் திரவத்தோடு துவைக்கிறேன். துவாலைகள் முன்னைவிட வேகமாக நீரை உறிஞ்சுகின்றன என்பது நான் எதிர்பார்க்காத ஊதியம்.

ஒன்பதாவது மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. மூன்று முறை ஊறவைத்தும், விரித்துக் காயவைத்தும், இரண்டாம் நாளே வாடை வருகிறது. அதன் ஓரத்தில் மங்கிப்போன சீட்டைக் கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்தேன். மற்றவை முழுப் பருத்தி, இதில் மட்டும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

துவைகல்

அப்படியென்றால் வியப்பில்லை. பாலியஸ்டர் நீரை விரும்பாது, எண்ணெயை விரும்பும்; தோல் எண்ணெய் அதில் இறுகப் பற்றிக்கொள்ளும். உடற்பயிற்சிக்குப் பின் வியர்த்த உடைகளை முகர்ந்து ஒப்பிட்ட பெல்ஜிய ஆய்வொன்று 2014 ஆம் ஆண்டில் வெளியானது. அதிலும் பருத்தி உடைகளைவிடப் பாலியஸ்டர் உடைகளே அதிகம் நாறின. லைபேஸ் என்னும் கொழுப்பைச் சிதைக்கும் நொதி கலந்த சலவைத்தூளில், 40 டிகிரியில், சில மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கலாம். மிகச் சூடான நீரில் நொதி செயலிழந்துவிடும் என்பதால் அந்த ஊறலுக்கு மட்டும் கொதிநீர் வேண்டாம்.

ஈரக்கொடி

உங்கள் பதில் வருவதற்குள் அதை நான்காகக் கத்தரித்துவிட்டேன், ஐயா. இரண்டு துண்டுகள் மிதிவண்டி துடைக்கப் போய்விட்டன. மீதி இரண்டும் இயந்திரத்தின் மேலேயே கிடக்கின்றன. ஒவ்வொரு சலவை முடிந்ததும் அந்த ரப்பர் வளையத்தைத் துடைப்பது அவற்றின் வேலை.

திருகாணி

துடைத்த பின் அவற்றையும் விரித்துக் காயப்போடுங்கள், அம்மா.